பதினாலு பேர் படுக்க ஓர் இடம்

கூடாரம் போட்டுத் தங்கலாம் என்று முதலில் சொன்னவன் நான்தான். நாட்குறிப்பைப் புரட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டுதான் இதை எழுதுகிறேன். 1959 நவம்பர் 24, செவ்வாய்க்கிழமை. வெளியே நல்ல மழை. பாண்டிச்சேரியில், சாரத்தில் ஒரு பள்ளிக்கூடத்துப் பின்கட்டு அறையில் எங்கள் மாலை நேர ஆங்கில வகுப்பு நடந்துகொண்டிருந்தது. நாங்கள் பதினான்கு பேர். பத்துப் பேர் மில்லில் வேலை செய்கிறவர்கள். மற்றவர்கள் கடைகளிலும், கப்பல் சரக்கு இறங்கும் துறைமுகப் பாலத்திலும். ஆபீசுகளில் பிரெஞ்சு போய் ஆங்கிலம் வந்துவிட்டது, நாலு வரி ஆங்கிலம் எழுதத் தெரிந்தால் நல்ல வேலைக்குப் போகலாம் என்ற நம்பிக்கையில் வந்து உட்கார்ந்தவர்கள்.

அன்றைய பாடம் குளிர்காலம். ஏதோ ஒரு பனி தேசத்தில் ஒரு குடும்பம் காட்டில் கூடாரம் அடித்துத் தங்குகிறது. கம்பளிக்குள் சுருண்டுகொண்டு சூடாகத் தேநீர் குடிக்கிறது. ஜானகிராமன் சார் ஆளுக்கொரு வாக்கியம் சொல்லச் சொன்னார். ராமதாஸ், "குளிர்காலத்தில் என் மாமா தும்முவார்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்தது என் முறை. நான் தயாராக வைத்திருந்த வாக்கியம் வேறு. வாயில் வந்தது, "குளிர்காலத்தில் நாமும் கூடாரம் போட்டுத் தங்குவோம்" என்பது.

சார் சாக்பீஸை மேசைமேல் வைத்தார். "எங்க?" என்றார்.

"தெரியல சார்."

மறுபடி சிரிப்பு. ஆனால் கடைசி பெஞ்சில் அம்மாவாசை எழுந்து நின்றுவிட்டான். கடற்கரைக் குப்பத்துக்காரன், பாலத்தில் மூட்டை இறக்குகிறவன். அவன் எழுந்து நின்றால் அறையே சின்னதாகிவிடும்.

"போலாமே சார்! கிறிஸ்துமஸுக்கு மில்லு மூணு நாளு மூடுது. பாலத்துலயும் வேலை கிடையாது. எங்க மாமாகிட்ட கட்டுமரத்துப் பழைய பாய் மூணு கிடக்குது. காத்துக்கு விரிக்கிற பாய் சார், படுக்கிற பாய் இல்ல. கட்டினா கூடாரந்தான்!"

அதன்பிறகு யாரும் பாடத்தைப் பார்க்கவில்லை. யார் எதைக் கொண்டுவருவது, யார் சமைப்பது, பாம்பு வந்தால் என்ன செய்வது என்று பதினான்கு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். சார் மேசையைத் தட்டினார்.

"வெள்ளி, சனி, ஞாயிறு. ரெண்டு ராத்திரி. இடம் இருந்தா போலாம். தரை காஞ்சு இருக்கணும். குடிக்கத் தண்ணி இருக்கணும். இடத்துக்காரங்க வாயால சரின்னு சொல்லணும். டிசம்பர் இருபத்தொண்ணு திங்கக்கிழமை வகுப்புல எனக்கு இடம் தெரிஞ்சாகணும். கோவிந்தராசு, நீதான சொன்னே? நீயே பாரு. அம்மாவாசையைத் துணைக்கு வெச்சிக்க."

"இடம் கெடைக்கலைன்னா எங்க மாமா நெல்லு குடோன் இருக்குது சார்" என்றான் ராமதாஸ். "மேல கூரை, கீழ சிமெண்டு. எதுக்குப் பனியில நனையணும்?"

சார் யோசித்து, "சரி, இல்லைன்னா குடோன்" என்றார்.

அன்று வீட்டுக்குப் போகும்போது என் கால் தரையில் பாவவில்லை. சாரத்துக் கடைத்தெரு வரைக்கும்தான் அது நீடித்தது. பிறகு பயம் பிடித்தது. நான் மில்லில் துணி மடிக்கும் பிரிவில் இருக்கிறேன். ஒவ்வொரு பீஸையும் இரண்டு முறை அளப்பேன். இரண்டும் ஒன்றாக வந்தாலும் மூன்றாவது முறை அளக்கலாமா என்று தோன்றும். இப்படிப்பட்டவனிடம் போய் இடம் பார்க்கச் சொல்லிவிட்டார்கள். மார்ச்சில் பரீட்சை, அதன்பின் யார் எங்கே போவோமோ தெரியாது. பதினான்கு பேருக்கும் சேர்ந்தாற்போல் லீவு கிடைப்பது இந்த மூன்று நாள் மட்டும்தான். நான் இடம் கண்டுபிடிக்காவிட்டால் என் வாழ்க்கையில் நான் முதன்முதலாகச் சொல்லி நாலு பேர் ஒப்புக்கொண்ட விஷயம், நெல் குடோனில் சாக்கு மூட்டைகளுக்கு நடுவே படுத்து முடிந்துபோகும்.

முதல் ஞாயிறு நவம்பர் 29. இரண்டு வாடகை சைக்கிள். தெற்கே கடலோரமாகப் போனோம். மழை விட்டு வாடைக்காற்று அடித்தது. ஒரு மணி நேரத்துக்குள் நான் கண்டுபிடித்துவிட்டேன்! குப்பத்துக்குச் சற்றுத் தள்ளி, மேடான, சுத்தமான மணல்வெளி. ஒரு முள் இல்லை, குப்பை இல்லை. யாரோ பெருக்கி வைத்ததுபோல் இருந்தது. சைக்கிளைப் போட்டுவிட்டு அடி எடுத்துவைத்து அளந்தேன். நீளம் அறுபது, அகலம் நாற்பது. மூன்று கூடாரம், சமைக்க இடம், சைக்கிள் நிறுத்த இடம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். அம்மாவாசை சவுக்கு நிழலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"அளந்து முடிச்சியா?"

"முடிச்சேன். எப்பிடி இருக்குது?"

"நல்லாத்தான் இருக்குது. விடியறதுக்குள்ள கரைவலையை இந்த மணல்லதான் இழுத்துப் போடுவாங்க. நாப்பது ஆளு, ஆளுக்கொரு கை கயிறு. நீ மீனோட மீனா கிடப்ப."

"இதை முன்னாடியே சொல்றதுதான?"

"நீ அவ்ளோ அழகா அளக்கிறியே, எப்பிடிடா கெடுக்கறது?"

நாங்கள் விவசாயக் குடும்பம். சும்மா கிடக்கும் மணல் எனக்குச் சும்மா கிடக்கும் மணல்தான். அதில் ஒவ்வொரு முழத்துக்கும் ஒரு வேலை இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? அடுத்த ஞாயிறு அவனுக்கு இதே கதி. ஊசுட்டேரி பக்கம் போனோம். ஏரி நிறைந்து கரை வழிய நின்றது. கோரை முளைத்த இடமெல்லாம் கொசு. கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே, சாணம் போட்டு மெழுகி, தாம்பாளம்போல் ஒரு தரை. அம்மாவாசை அதில் குட்டிக்கரணமே அடித்துவிட்டான்.

"இதுதாண்டா! யாரோ நமக்குன்னே மெழுகி வெச்சிருக்காங்க!"

"நெல்லுக்குன்னு மெழுகி வெச்சிருக்காங்க. எழுந்திரு. இது களம். அறுப்புக்குத் தயார் பண்ணியிருக்காங்க. செருப்போட ஏறினதை யாராவது பாத்தா நம்மளைத்தான் அடிச்சுத் தூத்துவாங்க."

அந்த வாரத்திலிருந்து நான் ஒரு சோதனை வைத்துக்கொண்டேன். நாலு கஜம் வெளுக்காத கோராத் துணியைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு போவது. இடம் பிடித்திருந்தால் துணியை விரித்து, கால் மணி நேரம் அதன்மேல் உட்காருவது. பிறகு துணியைத் திருப்பி ஈரம் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது. மழைக்காலத் தரை மேலே பார்த்தால் காய்ந்ததுபோல் இருக்கும். உட்கார்ந்து எழுந்தால்தான் தெரியும். அம்மாவாசை அதைத் தொட்டில் துணி என்று கேலி செய்தான். ஆனாலும் அந்தக் கால் மணியும் என் பக்கத்திலேயே உட்கார்ந்து, நேரம் முடிவதற்குள் எட்டு முறை "ஆச்சா?" என்பான்.

டிசம்பர் 13. கோரிமேட்டில் தரை காய்ந்திருந்தது, கிணறு இல்லை. சேதராப்பட்டில் கிணறு இருந்தது, தரை முழுக்கப் பச்சை நெல். வரப்பில்தான் படுக்க வேண்டும். வரப்பு வழியே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய், எல்லைக்கல் வரைக்கும் பார்த்துவிட்டுத் திரும்பினோம். துணி ஆறு இடத்தில் நனைந்தது. குறிப்புப் புத்தகத்தில் ஒன்பது இடங்கள். ஒன்பதுக்கும் நேரே ஒரு குறை.

திங்கட்கிழமை வகுப்புக்குள் நுழையும்போதே ராமதாஸ் எழுந்து பிரெஞ்சில் வணக்கம் வைத்தான்.

"போன்சுவார், முசே கோவிந்தராசு! இடம் கெடைச்சுதா? இல்ல, அளந்துகிட்டே இருக்கீங்களா?"

"இன்னும் ஒரு வாரம் இருக்குது."

"ஒரு வாரமா! மாமாகிட்ட சொல்லி குடோனைப் பெருக்கச் சொல்லிட்டேன். பெருச்சாளி இருக்குது, அதுக்கு நீ இங்கிலீஷ்ல 'குட் நைட்' சொல்லிக்க."

பெஞ்சு பெஞ்சாகச் சிரித்தார்கள். போன வாரம் வரைக்கும் என்னைப் பார்த்ததும் "எங்கடா, எங்கடா?" என்று ஓடிவந்தவர்கள்தான். நானும் சிரித்து வைத்தேன். சாருக்கு என்மேல் கோபமில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

வியாழக்கிழமை, 17ஆம் தேதி. மில்லில் மத்தியானச் சாப்பாட்டு நேரம். எங்கே தப்பு செய்தேன் என்று கண்டுபிடிக்காமல் எனக்குச் சோறு இறங்காது. துணிக் கணக்கு எழுதுகிற கட்டம் போட்ட தாள் ஒன்றை எடுத்தேன். நடுவில் சாரம். ஒரு கட்டம் ஒரு கிலோமீட்டர். நாங்கள் போன வழிகளையெல்லாம் பென்சிலால் கோடு போட்டேன். கிழக்கே கோடுகள் கடலில் முடிந்தன, அது நியாயம். வடக்கேயும் மேற்கேயும் போன ஐந்து கோடுகள் திடீரென்று முடிந்தன. அங்கே ஆறு இல்லை, குன்று இல்லை. ஆனால் அந்த ஐந்து முனைகளையும் சேர்த்தால், யாரோ கத்தியால் நறுக்கியதுபோல் ஒரே வரிசையில் நின்றன.

படம் தப்பாக இருக்கும் என்று நினைத்தேன். அழித்துவிட்டு மறுபடி போட்டேன். அதே வரிசை.

தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன். வேலை முடிந்த சங்கு ஊதியதும் வகுப்புக்குப் போவதற்கு முன்னால் ஓட்டமாகக் கடற்கரைப் பாலத்துக்குப் போனேன். அம்மாவாசை மூட்டை அடுக்கிவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தான்.

"டேய், போன ஞாயித்துக்கிழமை சேதராப்பட்டுல நாம ஏன் திரும்பினோம்?"

"எங்க?"

"கல்லுகிட்ட."

"கல்லு வந்துது. திரும்பினோம்."

"அதான் ஏன்?"

"இன்னாடா கேள்வி? அதுதான் எல்லை..." அவன் பாதியிலேயே நிறுத்தினான். ஈரக் கையை அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். "சாவடியை எடுத்து அஞ்சு வருஷம் ஆச்சே."

"ஆச்சு."

"யாரும் நிக்கல."

"யாருமே நிக்கல. ஒரு ஆடு நின்னுது."

அவன் சிரிக்க ஆரம்பித்தான். நின்றுகொண்டு சிரிக்க முடியாமல் மூட்டைமேல் உட்கார்ந்தான்.

பஸ்ஸில் நான் எத்தனையோ முறை விழுப்புரம் போயிருக்கிறேன். பெரிய ரோட்டில் அந்த எல்லை எனக்கு நினைவுக்கு வந்ததே இல்லை. வயல் வழி வேறு. சின்ன வயதில் இங்கே பிரெஞ்சு ஆட்சி, கல்லுக்கு அந்தப் பக்கம் இங்கிலீஷ் ஆட்சி. வயல் வழியாகக் கல்லைத் தாண்டினால், அந்தப் பக்கத்துச் சுங்கச் சாவடிக்காரன் மூட்டையைப் பிரிப்பான், பெயரைக் கேட்பான், அப்பாவைக் கூட்டிவா என்பான். மடியில் அரைப்படிச் சர்க்கரை இருந்தால்கூடப் போச்சு. அந்தப் பக்கத்தில் பம்பரம் போய் விழுந்தால் அந்தப் பம்பரத்தை நாங்கள் மறந்துவிடுவோம். அந்தப் பழக்கம் காலிலேயே தங்கிவிட்டது. கல்லைக் கண்டதும் சைக்கிளே தானாகத் திரும்பியிருக்கிறது.

"நீ பயிர்க்காரன், உனக்கு வரப்பு, எல்லை எல்லாம் இருக்குது. நான் எதுக்குடா திரும்பினேன்?" என்றான் அம்மாவாசை. "கடல்ல ஏதுடா கல்லு?"

டிசம்பர் 20, ஞாயிறு. கடைசி நாள். விடிந்ததும் கிளம்பினோம். மூடுபனி. ஊசுட்டேரிக் கரையில் முன்சக்கரம் மட்டும்தான் தெரிந்தது. அம்மாவாசை போகிற வழியெல்லாம் மணியை அடித்துக்கொண்டே வந்தான். எதிரே யாரும் இல்லை. சேதராப்பட்டு தாண்டி வரப்பில் இறங்கித் தள்ளிக்கொண்டு போனோம். கல் வந்தது. முழங்கால் உயரம், மேலே எழுத்து தேய்ந்துபோயிருந்தது. இரண்டு பேரும் நின்றோம். எனக்குத் தெரியும், நிற்க வேண்டியதில்லை என்று. இருந்தாலும் இடது பக்கம் பார்த்தேன், வலது பக்கம் பார்த்தேன்.

"போடா!" என்று அவன் என் சைக்கிள் சீட்டைப் பிடித்து ஒரு தள்ளு தள்ளினான். நான் தாண்டியிருந்தேன். அதே புல், அதே பனி. அங்கிருந்து கத்திக்கொண்டே ஓடினோம். என்ன கத்தினோம் என்று நாட்குறிப்பில் எழுதவில்லை. சொல் எதுவும் இல்லை என்று நினைக்கிறேன்.

வண்டிப்பாதை ஒன்று மேற்கே ஏறியது. எங்கள் பக்கத்தில் கிலோமீட்டர் கல், இந்தப் பக்கம் மைல் கல். தூரத்தை எதில் குறிப்பது என்று தெரியாமல் இரண்டிலும் குறித்தேன். நெல் வயல் முடிந்து செம்மண் தொடங்கியது. பனி விலக விலக மேடு சிவப்பாக எழுந்து வந்தது. மேட்டின்மேல் முந்திரித் தோப்பு.

பழைய மரங்கள். கிளைகள் சுற்றிலும் தாழ்ந்து தரையைத் தொட்டுக்கொண்டிருந்தன. குனிந்து உள்ளே போனால் ஒவ்வொரு மரத்துக்கடியிலும் ஓர் அறை. கிளையே சுவர், இலையே கூரை. வாடை உள்ளே வரவில்லை. காலடியில் காய்ந்த சருகு நொறுங்கியது. மூன்று மாத மழைக்குப் பிறகு நான் கேட்ட முதல் காய்ந்த சத்தம் அதுதான். தோப்பின் ஓரத்தில் கிணறு. எட்டிப் பார்த்தால் ஆறு முழத்தில் தண்ணீர். அம்மாவாசை ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்கு ஓடி, "இது எங்க கூடாரம்! இது சார் கூடாரம்! இது ராமதாஸை வெளிய போட்டு உள்ள நாம!" என்று கத்தினான்.

"கத்தாதே, முதல்ல துணி."

துணியை விரித்து உட்கார்ந்தேன். என் வாட்சில் முள் நகரவே இல்லை. கால் மணி ஆனதும் திருப்பிப் பார்த்தேன். காய்ந்திருந்தது. வேறு மரத்தடியில் விரித்தேன். காய்ந்திருந்தது. மூன்றாவது மரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது கிளைக்கு வெளியே ஒரு குரல்.

"யாருப்பா அது? என் தோப்புல இன்னா துணி விரிக்கிறீங்க?"

தோப்புக்கார அம்மாள், ஐம்பது வயதுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். கையில் அரிவாள், இடுப்பில் கூடை. அவர்கள் பெயர் தனக்கொடி என்று பிறகு தெரிந்துகொண்டோம். நான் எழுந்து, தலையைக் கிளையில் இடித்துக்கொண்டு, வெளியே வந்து விஷயத்தைச் சொன்னேன்.

"எந்த ஊரு?"

"பாண்டிச்சேரி அக்கா. சாரம்."

அவர்கள் முகம் சட்டென்று மூடிக்கொண்டது. "மறுபடியும் ஆரம்பிச்சிட்டீங்களா?"

"எதை அக்கா?"

"எதையா? சாவடி இருந்த காலத்துல உங்க ஊருக்காரனுங்க இந்தத் தோப்புலதான் கடத்தல் சரக்கை மூட்டை மூட்டையா கொண்டாந்து பதுக்கினாங்க. போலீசு வந்தப்போ அவனுங்க ஓடிட்டானுங்க. எங்க வூட்டுக்காரரு ஆறு மாசம் ஸ்டேஷனுக்கு நடந்தாரு. ஒண்ணும் தெரியாத மனுசன். கெளம்புங்க!"

"நாங்க படிக்கிறவங்க அக்கா. எதெது கொண்டாருவோம்னு எழுதியே வெச்சிருக்கேன், பாருங்க." நான் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து வேகமாகப் படித்தேன். "பெரிய பாய் மூணு, கயிறு ரெண்டு கட்டு, லாந்தர் நாலு, சாக்கு இருபது, ஆளு பதினாலு, சைக்கிளு பதினொண்ணு..."

படிக்கப் படிக்கவே அது கடத்தல் கணக்குபோல எனக்கே கேட்டது. அம்மாவாசை கண்ணை மூடிக்கொண்டான்.

"சாக்கு இருபதா?" என்றார்கள் தனக்கொடி. "அப்பறம் இன்னா பாக்கி? போலீசுகாரரு பேரையும் எழுதிக்க."

"வைக்கோல் திணிச்சுப் படுக்கறதுக்கு அக்கா!"

"உங்களுக்கு வூடு இல்லையா?"

"இருக்குது."

"கூரை ஒழுகுதா?"

"இல்ல."

"அப்ப இன்னாத்துக்கு மார்கழிப் பனியில என் மரத்தடியில வந்து படுக்கணும்?"

இந்தக் கேள்விக்குப் புத்தகத்தில் பதில் இல்லை. ஒன்பது இடத்தைப் பார்த்திருந்தேன். ஏன் என்று ஓர் இடத்திலும் எழுதவில்லை. சார்கூடக் கேட்கவில்லை. புத்தகத்தை மூடினேன்.

"பகல்ல மில்லுல இருக்கோம் அக்கா. சாயங்காலம் வகுப்பு. பதினாலு பேரும் ஒரு வருஷமா ஒண்ணா உக்காந்து படிக்கிறோம், ஆனா பதினாலு பேர் முகத்தையும் ஒண்ணா பகல் வெளிச்சத்துல பாத்ததில்ல. மார்ச்சோட முடிஞ்சிடும். அதுக்குள்ள ஒரு தரம், ஒண்ணா சமைச்சு, ஒண்ணா படுத்து, ஒண்ணா எழுந்திரிக்கணும்னு இருக்குது. நான்தான் சொன்னேன். இடம் கெடைக்கலைன்னா என்னாலதான் கெட்டுது. வேற ஒண்ணும் இல்ல."

அவர்கள் அரிவாளைக் கூடைக்குள் போட்டார்கள்.

"கூடாரம்னா எப்பிடி இருக்கும்? கட்டிக் காட்டு."

எங்களிடம் இருந்தது நாலு கஜம் கோராத் துணி மட்டும்தான். இரண்டு குச்சியை நட்டு, நடுவே சைக்கிள் கயிற்றைக் கட்டித் துணியைப் போட்டேன். விழுந்தது. குச்சியை இன்னும் ஆழமாக நட்டேன். விழுந்தது. தனக்கொடி வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"நகரு" என்றான் அம்மாவாசை. கயிற்றை அவிழ்த்து, தாழ்ந்த கிளையில் ஒரு சுற்று, எதிர்க் கிளையில் ஒரு சுற்று. கட்டுமரத்தில் போடுகிற முடிச்சு. இழுக்க இழுக்க இறுகியது. துணியை மேலே போட்டு நாலு மூலையிலும் செம்மண் கல்லை வைத்தான். வாடையில் துணி ஒருமுறை உப்பி, நின்றது. இரண்டு பேர் நெருக்கி உட்காரலாம். உலகத்திலேயே சின்னக் கூடாரம் அதுவாகத்தான் இருக்கும்.

தனக்கொடி சுற்றி வந்து பார்த்தார்கள். பிறகு, நாங்கள் எதிர்பார்க்கவே இல்லை, சேலையைச் சொருகிக்கொண்டு குனிந்து உள்ளே நுழைந்து உட்கார்ந்துவிட்டார்கள். நாங்கள் வெளியே நின்றோம்.

"அக்கா?"

"இரு."

அம்மாவாசை குனிந்து எட்டிப் பார்த்தான்.

"வெளிச்சம் வேற மாதிரி இருக்குதுடா தம்பி" என்றது உள்ளேயிருந்து குரல். "பால் மாதிரி. இத்தினி வருஷமா இதே மரத்தடியிலதான் முந்திரிக்கொட்டை பொறுக்கறேன், இப்பிடிப் பாத்ததில்ல. இன்னா சொகமா கீது! கொஞ்சம் மல்லாட்டை இருக்குது கூடையில, எடு."

கூடையை உள்ளே தள்ளினேன். வேர்க்கடலை உடையும் சத்தம் கேட்டது. அம்மாவாசை என் விலாவில் குத்தினான். நான் அவன் காலை மிதித்தேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

உள்ளே உட்கார்ந்தபடியே அவர்கள் சட்டம் சொன்னார்கள். சருகு கிடக்கிற இடத்தில் நெருப்பு கூடாது, அடுப்பு கிணற்றடியில்தான். மரம் பூ எடுக்கிற நேரம், ஒரு கிளை ஒடியக் கூடாது. உங்கள் வாத்தியார் யாரோ அவர் வந்து என்னிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

"பாட்டு எல்லாம் பாடுவீங்களா?"

"ராமதாஸ்னு ஒருத்தன் பாடுவான் அக்கா."

"நல்லாப் பாடுவானா?"

"இல்ல" என்றோம் இரண்டு பேரும்.

"அப்ப அவனும் கிணத்தாண்ட உக்காந்து பாடட்டும்."

சாரத்துக்கு எப்படி வந்து சேர்ந்தோம் என்று தெரியாது. ஜானகிராமன் சார் அப்போதுதான் சாப்பிட்டு எழுந்திருந்தார். நான் மூச்சு வாங்கிக்கொண்டு தாளை விரித்துக் காட்டினேன். அவர் கோடுகளைப் பார்த்தார், அவை நின்ற வரிசையைப் பார்த்தார். தலையில் கையை வைத்துக்கொண்டு, "நானும் அங்கதாண்டா திரும்பியிருப்பேன்" என்றார். செருப்பை மாட்டினார். அவரை அம்மாவாசை தன் கேரியரில் உட்கார வைத்து மிதித்தான். மேடு வந்தபோது நான் இறங்கிப் பின்னாலிருந்து தள்ளினேன். பொழுது சாய்வதற்குள் சார் தனக்கொடி முன்னால் நின்று, பெண் கேட்க வந்தவர்போல் கைகூப்பி, பதினான்கு பேருக்கும் தான் பொறுப்பு என்று சொன்னார். அவர்கள் தலையாட்டினார்கள். சின்னக் கூடாரத்தை நாங்கள் அவிழ்க்கப் போனபோது மட்டும், "அது இருக்கட்டும், வெள்ளிக்கிழமைதான வரீங்க?" என்றார்கள்.

திங்கட்கிழமை வகுப்பில் சார் என்னை முன்னால் கூப்பிட்டார். எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கத்து முந்திரித் தோப்பு என்று சொன்னேன். ராமதாஸ் கையைத் தூக்கிக்கொண்டு தயாராக இருந்தான்.

"சார், அது இங்கிலீஷ்காரன் எல்லை ஆச்சே!"

"இங்கிலீஷ்காரன் போயி பன்னண்டு வருஷம் ஆச்சுடா" என்றான் அம்மாவாசை. "நீ அவன் பாஷையைப் படிக்க வந்துட்டு, அவன் எல்லையைக் காவல் காக்கிற."

சிரிப்பில் பெஞ்சு ஆடியது. ராமதாஸும் சிரித்துவிட்டான். நான் கரும்பலகையில் கிணற்றை வரைந்தேன், மூன்று பெரிய மரங்களை வரைந்தேன், ஒவ்வொரு மரத்தடியிலும் கட்டங்கள் போட்டேன். அவசரத்தில் கட்டங்கள் ஒழுங்காக வரவில்லை. எண்ணிப் பார்த்தேன், பதினான்கு. மறுபடி எண்ணவில்லை.

"தரை காஞ்சிருக்குதா?" என்றது ஒரு குரல். "காஞ்சிருக்குது." "தண்ணி?" "ஆறு முழத்துல." "குளிருமா?" "நல்லாக் குளிரும்!" அதற்குத்தான் எல்லோரும் கை தட்டினார்கள்.

ராமதாஸ் கரும்பலகைக்குக் கிட்டே வந்து குனிந்து பார்த்தான். "இதுல வாடை அடிக்காத பக்கம் எதுடா?"

"இது. தெக்கால மரம்."

"அப்ப நான் இங்க" என்று ஒரு கட்டத்தில் விரலை வைத்தான்.

நான் சாக்பீஸை அவனிடம் நீட்டினேன். அவன் தன் பெயரைப் பெரிதாக எழுதினான். கட்டத்துக்கு வெளியே ஓர் எழுத்து போய்விட்டது. "நகருடா, நகருடா" என்று மற்றவர்கள் பெஞ்சைத் தாண்டி வர ஆரம்பித்தார்கள்.